வாசலில் நின்று "வாங்க" என்று கேட்க வராது. தங்கை கல்யாணத்துக்கு ஐந்து மாதம்தான் இருக்கிறது

சேர்மாதேவிக்காரன் · ஆகஸ்ட் 24, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிக்க மட்டும் செய்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

வயது 27. வண்ணார்பேட்டையில் ஒரு பம்ப்செட் கடையில் கணக்கு எழுதுகிறேன். வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் கடைக்கு ஆள் வந்து "முதலாளி இல்லியா?" என்று கேட்டால், பதில் சொல்வதற்குள் காது வரைக்கும் சூடு ஏறிவிடும். போன் அடித்தால் பக்கத்துப் பையன் எடுக்கட்டும் என்று பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு விருந்தாள் வந்தால், வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டதுமே உள் அறைக்குப் போய்விடுவது சின்ன வயதிலிருந்தே பழக்கம். கதவுக்குப் பின்னால் நின்று, எப்போது கிளம்புவார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

நம் பக்கத்தில் இதைக் கூச்சம் என்று யாரும் சொல்வதில்லை. "வாங்கன்னு ஒரு வார்த்த கேக்கல பாத்தியா, மண்டக்கனம்" என்பார்கள். போன வருடம் தாத்தா காரியத்துக்கு வந்த பெரியப்பா, பதினாறு முடிந்து கிளம்பும்போது அம்மாவிடம், "ஒம் மவன் எங்கள மனுசனாவே மதிக்கலியே" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வந்த அன்றைக்கு விடியற்காலை நாலரை மணிக்கே பஸ் ஸ்டாண்டில் போய்க் காத்துக் கிடந்தவன் நான். அவர் இறங்கினதும் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டேன். வார்த்தை வரவில்லை. அவருக்குப் பை போன திசை மட்டும்தான் தெரிந்திருக்கும். அன்று ராத்திரி அம்மா அழுதாள்.

தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். அப்பா இல்லை. வாசலில் நின்று வருகிறவர்களைக் கேட்க வேண்டியது நான்தான். மேடை ஏறிப் பேச எனக்கு ஆசை இல்லை. அந்த ஒரு நாள் வந்தவர்கள் முகத்தைப் பார்த்து "வாங்க" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இதிலிருந்து மீண்டவர்கள் யாராவது இருந்தால் எப்படி என்று சொல்லுங்கள். "தைரியமா இரு" என்று மட்டும் வேண்டாம், அதை இருபது வருடமாகக் கேட்கிறேன்.

துபாயில் நெல்லை · ஆகஸ்ட் 24, இரவு 11.15

கதவுக்குப் பின்னால் நிற்பதைப் படித்ததும் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன் தம்பி. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கதவு இருந்தது. இந்த இழையைத் தொடர்ந்து படிப்பேன்.

பாபநாசம் ரூட் · ஆகஸ்ட் 25, காலை 6.05

தம்பி, நான் ஓய்வுபெற்ற கண்டக்டர். திருநெல்வேலி–பாபநாசம் ரூட்டில் மட்டும் 11 வருடம் ஓடியிருக்கிறேன். உங்களுக்கு இருக்கிற அதே கூச்சத்தோடுதான் வேலைக்கே சேர்ந்தேன்.

முதல் நாளை அப்படியே சொல்கிறேன். அப்போது மிஷின் கிடையாது, டிக்கெட் கட்டுதான். ஜங்ஷனில் வண்டி எடுத்தது, பேட்டை தாண்டியது, நான் வாயே திறக்கவில்லை. சீட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். அவர்களாகக் காசை நீட்டினால் கிழித்துக் கொடுப்பேன், நீட்டாதவரைத் தாண்டிப் போய்விடுவேன். கட்டைப் பிடித்த கை வேர்த்து மேல் டிக்கெட் நாலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. பின் சீட்டில் ஒரு ஆச்சி, பத்தமடைக்குப் போகிறவள், காலடியில் கோரைக் கட்டு. இரண்டு தடவை அவளைத் தாண்டிவிட்டேன். மூன்றாவது தடவை சட்டையைப் பிடித்து நிறுத்தி, "எய்யா, நீ கேட்டாத்தானே நான் குடுப்பேன்" என்றாள். கோபமே இல்லை. ரூபாயைச் சுருட்டி உள்ளங்கையிலேயே வைத்துக் காத்திருந்திருக்கிறாள்.

அதன்பிறகு ஒரே ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டேன். "டிக்கெட்." ஒரு நாளைக்கு மூன்று நடை, போக வர ஆறு தடவை, ஒவ்வொரு தடவையும் ஐம்பது அறுபது பேர். அதே வார்த்தை. ஒரு மாதத்தில் வாய் பழகிவிட்டது, கூச்சம் தன்பாட்டுக்கு உள்ளே இருந்தது. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: கூச்சம் போகட்டும், அப்புறம் பேசலாம் என்று இருந்திருந்தால் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அது எப்போது போனது என்று எனக்கே தெரியாது. ஆறேழு மாதம் கழித்து ஒரு நாள் வீரவநல்லூரில் கூட்டம் ஏறுகிறது, படியில் நின்று "உள்ள போங்கம்மா, உள்ள போங்க" என்று சத்தம் போடுகிறேன். அப்போதுதான், அடடா, நாமா இது என்று தோன்றியது.

இப்போது உங்கள் விஷயம். கல்யாணம் என்றால் எப்படியும் 200 வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வேண்டும். அம்மாவோடு நீங்களே போங்கள், தம்பி. அங்கே சொல்ல வேண்டியது எல்லா வீட்டிலும் ஒரே வாக்கியம். "தை மாசம் தங்கச்சிக்குக் கல்யாணம், குடும்பத்தோட வந்துரணும்." என்னுடைய டிக்கெட் மாதிரிதான். இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது.

சேர்மாதேவிக்காரன் · ஆகஸ்ட் 25, இரவு 9.50

அண்ணாச்சி, பத்திரிகை வைக்கப் போகிற பொறுப்பைச் சித்தப்பாவிடம் தள்ளிவிடலாம் என்றுதான் இருந்தேன். நீங்கள் எழுதினதைப் படித்தபோது வயிறு பிசைந்தது. அதனால் அதுதான் சரியாக இருக்கும் என்றும் படுகிறது. எங்கள் வீட்டில் மார்கழியில் பத்திரிகை வைப்பதில்லை, கார்த்திகையிலேயே முடித்துவிடுவோம்.

மனநல ஆலோசகர், பாளை · ஆகஸ்ட் 26, பிற்பகல் 2.20

நான் இந்தத் துறையில் வேலை பார்க்கிறவள். கண்டக்டர் அண்ணாச்சி சொன்னது அனுபவம். அதற்குப் பின்னால் உள்ளதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1995இல் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். கூச்சம் அதிகம் உள்ளவர் நாலு பேர் முன்னால் போனதும், அவர் கவனம் எதிரே இருப்பவரை விட்டு உள்ளே திரும்பிவிடுகிறது. "என் முகம் சிவக்கிறதா, குரல் நடுங்குகிறதா, கையை எங்கே வைப்பது?" உள்ளே தெரிகிற பதற்றத்தை வைத்தே, வெளியில் தான் எப்படித் தெரிகிறோம் என்று ஒரு படம் வரைந்துகொள்கிறார். தம்பி பெரியப்பாவைப் பார்த்த நிமிடத்தில் அவர் மனதில் பெரியப்பா இல்லை, தன் தொண்டைதான் இருந்திருக்கும். அப்புறம் ராத்திரி படுத்துக்கொண்டு நடந்ததைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது. அதுவும் இதில் ஒரு பகுதி. ஓட்டும்போதெல்லாம் அந்தக் காட்சி இன்னும் மோசமாகிக்கொண்டே போகும்.

வெளியில் அவ்வளவு தெரிகிறதா? அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள், 2000இல் வெளியானது. ஒரு பாடகர் படம் போட்ட, போட்டுக்கொள்ளவே வெட்கப்படுகிற பனியனை ஒரு மாணவருக்கு மாட்டி, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கிற அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று பனியன் போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தது ஏறக்குறைய கால்வாசிப் பேர். 2018இல் வந்த இன்னொரு ஆய்வில், புதிதாகச் சந்தித்துப் பேசிய இருவரையும் தனித்தனியே கேட்டபோது, எதிராளிக்குத் தங்களை எவ்வளவு பிடித்தது என்பதை இருவருமே குறைத்துத்தான் மதிப்பிட்டார்கள். விடுதியில் ஒன்றாகத் தங்கியிருந்த மாணவர்களிடம் பல மாதம் வரைக்கும் அது மாறவில்லையாம். இதைப் படித்த அன்றைக்கு எனக்கே ஒரு நிம்மதி வந்தது.

அதனால் தம்பி, பத்திரிகை கொடுக்கும்போது உங்கள் குரலைக் கவனிக்க வேண்டாம். வாங்குகிறவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். கண்ணாடியைத் தேடுகிறாரா, தேதியைப் பார்க்கிறாரா, யாரைக் கூப்பிடுகிறார்? வெளியே வந்ததும் அதை அம்மாவிடம் சொல்லுங்கள்.

முக்கூடல் பொண்ணு · ஆகஸ்ட் 27, இரவு 8.30

எனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆண் பிள்ளை பேசாவிட்டால் மண்டக்கனம் என்கிறார்கள். பெண் பிள்ளை பேசாவிட்டால் "அடக்கமான பிள்ள" என்று பாராட்டிவிடுவார்கள். அதனால் உள்ளே அவள் எவ்வளவு தவிக்கிறாள் என்று யாரும் கேட்பதே இல்லை.

நான் அம்மாவோடு பீடி சுற்றினவள். தட்டை மடியில் வைத்துக் குனிந்தால் பொழுது சாயும்வரை நிமிர வேண்டாம். இலையை வெட்டு, தூளை வை, சுருட்டு, நூலைக் கட்டு. யார் வந்தாலும் தலை ஆட்டினால் போதும். சேர்மாதேவி அண்ணனுக்குக் கதவு, எனக்கு அந்தத் தட்டு.

24 வயதில் மகளிர் குழுவில் செயலாளர் ஆக யாரும் முன்வராததால் என்னைப் போட்டுவிட்டார்கள். மாதம் ஒரு தடவை பேங்குக்குப் போக வேண்டும். முதல் மாதம் கவுண்டருக்கு முன்னால் செலானைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் வந்த நாலு பேர் கையை நீட்டி வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டாம் மாதம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனேன்: "சார், குழுக் கணக்குல பணம் கட்டணும்." அதைப் பார்த்தே வாசித்தேன். மூன்றாம் மாதம் சீட்டு கைக்குள் மடித்தபடி இருந்தது, பிரிக்கவில்லை. இப்போது மானேஜர் அறைக்குள் போய், லோன் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கிறேன்.

குழுவில் நாங்கள் 14 பேர். அவர்கள் காசு என் கையில் இருந்ததால்தான் எனக்கு வாய் திறந்தது. எனக்காக என்றால் இன்றைக்கும் ஜவுளிக்கடையில் "வேற கலர் காட்டுங்க" என்று கேட்கத் தயங்குவேன். எல்லாம் ஒரேயடியாகச் சரியாகிவிடாது அண்ணே. ஒரு இடத்தில் வரும், இன்னொரு இடத்தில் வராது.

வீரவநல்லூர் டீச்சர் · ஆகஸ்ட் 27, இரவு 9.45

முக்கூடல் தங்கை சொன்னதைப் படித்ததும் காந்தி ஞாபகம் வந்தது. லண்டனில் பாரிஸ்டர் படிப்பு முடித்து வந்தவர், பம்பாயில் சிறு வழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்கை எடுக்கிறார். கட்டணம் 30 ரூபாய். குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்குத் தலை சுற்றுகிறது, ஒரு கேள்விகூட வரவில்லை. உட்கார்ந்துவிடுகிறார். பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியேறுகிறார். 1893இல் பிரிட்டோரியாவில் அங்கே இருந்த இந்தியர்களைக் கூட்டி, தொழிலில் உண்மையாக இருப்பதைப் பற்றிப் பேசுகிறார். தன் வாழ்க்கையின் முதல் பொதுப் பேச்சு என்று அதைத்தான் அவரே எழுதியிருக்கிறார். கோர்ட்டில் தன் திறமையைக் காட்ட வேண்டியிருந்தது, பிரிட்டோரியாவில் அந்த ஜனங்களின் பாடு கண்ணுக்கு முன்னால் இருந்தது. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகளிடம் நான் இதையே செய்து பார்க்கிறேன். "நீ பேசு" என்றால் அழுதுவிடும். "இவளுக்கு இந்தக் கணக்கு புரியல, சொல்லிக் கொடு" என்றால் பேசிவிடும்.

துபாயில் நெல்லை · ஆகஸ்ட் 28, காலை 11.10

அப்படியானால் பந்தியில் பரிமாறுவதும் நல்ல வழிதானே? கையில் வாளி இருந்தால் பேச்சு தானாக வரும். "சாம்பார் போடட்டுமா, ரசம் வேணுமா?" நான் கல்யாண வீடுகளில் அப்படித்தான் தப்பித்தேன்.

டவுன் வாசி · ஆகஸ்ட் 28, மாலை 4.00

வாளி விஷயத்தில் எனக்கு மறுப்பு உண்டு. தப்பித்தேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள்.

பதினைந்து வருடம் எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் பரிமாற நான்தான். "நல்ல பையன், ஓடியாடி வேலை செய்யுதான்" என்று பெயர். ஒரு பந்தியில்கூட உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. எல்லோரும் போன பிறகு சமையல்காரர்களோடு நின்றுகொண்டே சாப்பிடுவேன். என் கல்யாணத்துக்கு மறுவீட்டில் சொதி வைத்தார்கள். மாப்பிள்ளை என்பதால் என்னை நடுவில் உட்கார வைத்துவிட்டார்கள், வாளிக்கு வழியில்லை. இந்தப் பக்கம் மாமனார், அந்தப் பக்கம் மச்சினர். தேங்காய்ப்பால் வாசம் மூக்குக்கு முன்னால் இருக்கிறது, சோறு தொண்டையில் இறங்கவில்லை. பேச ஒரு வார்த்தை இல்லை. வாளியோடு பேசப் பழகியிருந்தேன், வாளி இல்லாமல் உட்காரப் பழகவில்லை.

பாபநாசம் ரூட் · ஆகஸ்ட் 28, இரவு 7.30

நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனாலும் ஒன்றுமே தூக்காமல் ஒருவனை நடுப்பந்தியில் உட்கார வைப்பதற்கு, முதலில் வாளியைக் கொடுப்பது தேவலை. எனக்கு அந்தத் தோல்பையும் விசிலும் இல்லையென்றால் நான் பேசியே இருக்க மாட்டேன்.

மனநல ஆலோசகர், பாளை · ஆகஸ்ட் 29, பகல் 1.15

இரண்டு பேர் சொல்வதும் நடக்கிறதுதான். சிகிச்சையில் இதைப் பாதுகாப்புக்காகப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் என்போம். பேரேட்டைப் புரட்டுவது, போனையே பார்ப்பது, கூட்டத்தில் ஓரச் சீட்டு, எல்லாம் அந்த வகை. வாளியால் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்க முடிகிறதென்றால் நல்லது. முகத்தைப் பார்க்காமல் இருக்க வாளி தேவைப்படுகிறதென்றால், அதைக் கீழே வைக்கிற நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நாங்குநேரி பக்கம் · செப்டம்பர் 2, இரவு 10.30

நல்ல பேச்சு போகிறது, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எல்லோருக்கும் இந்த வழி பொருந்தாது என்பதை யாராவது சொல்ல வேண்டும். என் தம்பிக்குக் கல்லூரியில் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, என்றால் காலையிலேயே வாந்தி. ஒரு செமஸ்டர் எழுதவில்லை, அப்புறம் ஒரு வருடம் வீட்டை விட்டே இறங்கவில்லை. கடைக்குப் போ, நாலு பேரிடம் பேசு என்று நாங்கள் தள்ளத் தள்ள அவன் இன்னும் உள்ளே போனான். கடைசியில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனோம். கொஞ்ச காலம் மாத்திரை, கூடவே உட்கார்ந்து பேசிச் சின்னச் சின்னப் படியாகப் பழக்கினார்கள். இப்போது படிப்பை முடித்துவிட்டான். முதலிலேயே போயிருக்கலாம். "பைத்தியத்துக்குப் பாக்குற எடம்" என்று அம்மா சொன்னதைக் கேட்டு இரண்டு வருடத்தைத் தொலைத்தோம், அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

போவதற்குத் தயங்குகிறவர்களுக்கு டெலி மானஸ் என்ற மனநல உதவி போன் எண் இருக்கிறது, 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. போன் எடுத்துப் பேசுவதே சிரமம் என்றால் வீட்டில் ஒருவர் முதலில் பேசிக் கொடுக்கலாம். நான்தான் என் தம்பிக்காகப் பேசினேன்.

சேர்மாதேவிக்காரன் · செப்டம்பர் 30, இரவு 9.20

ஒரு மாதக் கதை. கடையில் காலையில் வருகிற முதல் போனை நான் எடுப்பது என்று வைத்துக்கொண்டேன். முதல் நாள் எதிரே இருந்தவர் "கேக்கல, சத்தமா பேசுங்க" என்றார், வைத்துவிட்டேன். கையில் நடுக்கம் நிற்கப் பத்து நிமிடம் ஆனது. அவர் திரும்பக் கூப்பிட்டார், பக்கத்துப் பையன் எடுத்தான். அன்று ராத்திரி அதையேதான் ஓட்டிக்கொண்டிருந்தேன். மறுநாளும் எடுத்தேன். மூன்றாவது வாரம் களக்காட்டிலிருந்து ஒரு விவசாயி, மோட்டார் காயில் போய்விட்டது, வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சி நாலு நாளாகிறது என்றார். அவர் குரலில் இருந்த அவசரத்தில் என்னை மறந்துவிட்டேன். எத்தனை எச்பி, எந்த வருடம் வாங்கினது என்று கேட்டு, மெக்கானிக்கை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்த பிறகுதான், நாலு நிமிடம் பேசியிருக்கிறேன் என்று போனில் பார்த்தேன்.

மற்றபடி எல்லாம் பழையபடிதான். ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார், உள்ளே போய்விட்டேன்.

முக்கூடல் பொண்ணு · செப்டம்பர் 30, இரவு 10.05

உள்ளே போனால் என்ன அண்ணே, பத்து நிமிடம் கழித்து ஒரு செம்புத் தண்ணியோடு வெளியே வாங்க. அதுவும் கணக்குத்தான்.

சேர்மாதேவிக்காரன் · டிசம்பர் 14, இரவு 11.00

இன்றோடு பத்திரிகை வைத்து முடித்தோம். 163 வீடு. சித்தப்பா ஐந்தாறு வீட்டுக்கு மட்டும் வந்தார்.

முதல் வீட்டில் அம்மாதான் பேசினாள், நான் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலாவது வீட்டில் "தை மாசம்" வரைக்கும் சொன்னேன், மிச்சத்தை அம்மா முடித்தாள். இருபது வீட்டுக்கு மேல் போனதும் வாக்கியம் முழுதாக வந்தது. ஆலோசகர் அக்கா சொன்னபடி எதிரே இருப்பவரைப் பார்த்தேன். கண்ணாடியைத் தேடுகிறவர்கள்தான் எத்தனை பேர்! பாதிப் பேர் பத்திரிகையில் முதலில் பார்ப்பது தங்கள் பெயர் அதில் இருக்கிறதா என்றுதான்.

கல்லிடைக்குறிச்சியில் பெரியப்பா வீட்டைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன். போன வியாழக்கிழமை போனோம். திண்ணையில் இருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்துத் தோளில் போட்டார், வாங்க என்று அம்மாவை மட்டும் கேட்டார். தாம்பாளத்தை நீட்டினேன். வாக்கியத்தைச் சொன்னேன். அதற்கப்புறம் நான் யோசித்து வைக்காத ஒன்று வாயில் வந்தது: "அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல உங்கள வாங்கன்னு கேக்கல பெரியப்பா. மதிக்காம இல்ல. எனக்கு வார்த்த வரல."

அவர் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்தார். "ஒங்கப்பனும் இப்பிடித்தாம்லே. பொண்ணு பாக்கப் போன எடத்துல ஒரு வார்த்த பேசல. பூராத்தையும் நாந்தான் பேசினேன்" என்றார். அம்மா தலையைக் குனிந்து சிரித்தாள். அப்பா அப்படிப்பட்டவர் என்று எனக்கு யாரும் சொன்னதே இல்லை.

பாபநாசம் ரூட் · டிசம்பர் 15, காலை 5.50

படித்தேன் தம்பி. வீட்டுக்காரியையும் எழுப்பி வாசித்துக் காட்டினேன்.

சேர்மாதேவிக்காரன் · பிப்ரவரி 3, இரவு 10.15

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

காலை ஏழு மணியிலிருந்து வாசலில் நின்றேன். பக்கத்தில் சந்தனக் கிண்ணம், கல்கண்டு, பன்னீர்ச் செம்பு. பன்னீரைத் தெளிக்கிற வேலையைத் தங்கையின் தோழிகளிடம் கொடுத்துவிட்டு வெறும் கையோடு நின்றேன். டவுன் வாசி அண்ணன் எழுதினது மனதில் இருந்தது. முதல் அரை மணி நேரம் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன், போட்டோவில் தெரிகிறது. எட்டரை மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேன் நிறைய ஒரே சமயத்தில் வந்து இறங்கினார்கள். நெஞ்சு அடைத்தது. ஸ்டோர் ரூமுக்குள் போய், அடுக்கி வைத்திருந்த வாழை இலைக் கட்டு மேல் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வெளியே பெரியப்பா குரல் கேட்டது, "வாங்க வாங்க" என்று எனக்குப் பதிலாக அவர் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றேன். திரும்பிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, அரை அடி தள்ளி இடம் விட்டார். அதற்குப் பிறகு வந்தவர்களை இருவருமாகக் கேட்டோம்.

மறுவீட்டில் சொதி. சம்பந்தி வீட்டார் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பரிமாறப் போகவா என்று கால் கிளம்பியது. போகவில்லை, உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் அப்பா பம்ப்செட் பற்றிக் கேட்டார், சொன்னேன். பேச்சு நடுவில் இரண்டு இடத்தில் அறுந்து போனது, அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிட்டோம். பக்கத்து இலையில் பெரியப்பா. என் இலையை எட்டிப் பார்த்துவிட்டு, "இஞ்சித் தொவையல் தீந்துட்டுல்லா, கேட்டு வாங்குலே" என்றார்.

கேட்டேன்.